முதல் வாளித் தண்ணி யாருக்கு?

ஒக்டோபர் பிறந்தால் போதும், ஃபோனைத் திறக்க ஏலாது. தீபாவளிக்கு அகல்விளக்கு வடிவில் ஒரு பாத் பொம், ஹாலோவீனுக்குப் பூசணிக்காய், நத்தாருக்குப் பனிப்பந்து, பெப்ரவரியில் சிவப்பு இதயம். யாரோ ஒருவரின் கை வெள்ளைத் தொட்டிக்குள் உருண்டையைப் போடும். அது சீறிக்கொண்டு சுழலும். தண்ணி ஊதாவாகும், அப்புறம் நீலமாகும், கடைசியில் தங்கத் தூள் மிதக்கும். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். எவரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

எங்க பக்கம் இதைப் பார்க்கிறவங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "தொட்டியே இல்லாத ஊர்ல இதெல்லாம் என்னத்துக்கு?" என்று சிரிக்கும். மற்றக் கட்சி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது கடைகளில் தேடிப் பார்க்கும், கிடைக்காவிட்டால் ஒன்லைனில் விலையைப் பார்த்துவிட்டு ஃபோனை மூடி வைக்கும். முதல் கட்சியில் பெரும்பாலும் பொடியன்மார், ரெண்டாவதில் பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைகள்.

எங்கள் கூட்டிலும் இந்த ரெண்டு கட்சி உண்டு. சண்டையை வாயால் முடிக்காமல் செய்து பார்த்தே முடிப்போம் என்று, தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் என மூன்று பண்டிகைக்கும் கொட்டகலையில் எங்கள் வீடுகளிலேயே பாத் பொம் பிடித்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாமான் நல்ல சாமான்தான். வாளியிலும் வேலை செய்கிறது, பேசினில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்த வீடியோக்கள் உண்மையில் விற்பது, யாரும் தட்டாத ஒரு கதவையும் அதற்குப் பின்னால் கிடைக்கிற அரை மணித்தியாலத்தையும்தான். எங்கள் வீடுகளில் அந்த ரெண்டும் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதே இல்ல என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

ஈனோவுக்குச் சொந்தக்காரன்

பாத் பொம் என்றால் ஏதோ அரச குடும்பத்துப் பழைய ரகசியம் என்று நினைக்க வேண்டாம். 1989-இல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் மோ கொன்ஸ்டன்டைன் என்ற பெண் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் செய்து பார்த்த சாமான் அது. வயிற்றுக் கோளாறுக்குத் தண்ணியில் போட்டுக் குடிக்கிற அல்கா-செல்ட்ஸர் மாத்திரை சீறுவதைப் பார்த்து, குளிக்கிற தண்ணிக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். 1995-இல் அவரும் கணவரும் வேறு சிலரும் சேர்ந்து தொடங்கிய லஷ் நிறுவனம்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அல்கா-செல்ட்ஸர் எங்கள் வீடுகளில் இல்ல, ஈனோ உண்டு. ரெண்டிலும் நடக்கிற வேலை ஒன்றுதான். அப்பச்சோடாவும் சிற்றிக் அமிலமும் காய்ந்திருக்கும் வரைக்கும் ஒன்றோடு ஒன்று பேசாது. தண்ணி பட்டவுடன் ரெண்டும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை விடும். அந்த வாயுதான் நுரை, சீறல், சுழல் எல்லாம். உருண்டைக்குள் நாம் போட்டு வைத்த எண்ணெய், வாசனை, நிறம் எல்லாவற்றையும் அந்தச் சீறல் தண்ணி முழுக்கப் பரப்பிவிடுகிறது. எங்களில் ஒருத்தியின் அம்மா முதல் உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன புள்ள, ஈனோவ உருண்டையா புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நாங்க எந்த வீடியோவிலும் கேட்டதில்ல.

இனி கணக்கு. லஷ் கடையில் ஒரு பாத் பொம் 2024 அளவில் 5 பவுண் அளவில் விற்றது. எங்கள் காசில் அது அப்போது ஏறத்தாழ 1,900 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவித்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு நாள் முழுக்க மலையில் நின்றாலும் பத்து நிமிசம் சீறிக் கரைகிற ஒரு உருண்டைக்குக் காணாமல் இருந்தது. தண்ணிக் கணக்கும் இருக்கிறது. ஒரு குளியல் தொட்டியை நிரப்ப 150 லீட்டர் அளவு வேணும். 20 லீட்டர் வாளியில் ஏழரை வாளி. அதையும் சுடுதண்ணியாக, விறகடுப்பில் காய்ச்ச வேணும். எங்கள் ஊரில் தொட்டியே இருந்ததில்ல என்றும் சொல்ல ஏலாது. துரை பங்களாக்களில் இருந்தது. அந்தத் தொட்டிக்கு விறகு பிளந்ததும் தண்ணி காய்ச்சியதும் லயத்து ஆட்கள்தான். அந்தப் பங்களாக்களில் பல இன்று சுற்றுலா விடுதிகள். அப்படியான விடுதிப் படங்களில் தொட்டி இருக்கும், ஜன்னல் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை இருக்கும். அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவர் எங்கே குளிக்கிறார் என்பது படத்தில் இருக்காது.

அதனால் சிரிக்கிற கட்சியின் பக்கமும் ஞாயம் இல்லாமல் இல்ல. ஆனால் விலை கூட என்பதற்காக ஆசையையே கேலி செய்வதை நாங்க ஏற்க மாட்டோம். கிரிக்கெட் பட்டுக்கும் ஃபோன் கவருக்கும் யாரும் இந்தக் கணக்குப் பார்ப்பதில்லையே.

மிஸ்ட் இறங்கும் ஊரில் உருண்டை பிடித்தல்

செய்முறை எளிது. அப்பச்சோடா ரெண்டு பங்கு, சிற்றிக் அமிலம் ஒரு பங்கு, சோளமா ஒரு பங்கு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் சலித்துக் கலந்து, ரெண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, தண்ணியைச் சொட்டுச் சொட்டாகத் தெளிக்க வேணும். கையில் பிடித்தால் பிட்டு மா மாதிரி நிற்க வேணும், விட்டால் உதிர வேணும். அந்தப் பதத்தில் எள்ளுருண்டை பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக் காய வைத்தால் முடிந்தது. சிற்றிக் அமிலம் கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். தூளை மூச்சில் இழுக்காமல் வாயை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள், இருமல் பிடுங்கி எடுக்கும்.

வீடியோக்காரர்கள் சொல்லாத விசயம் கால நிலை. அவர்கள் "ஒரு இரவு வெளியே வையுங்கள், காய்ந்துவிடும்" என்கிறார்கள். கொட்டகலையில் ஒரு இரவு வெளியே வைத்தால் எது காயும்? சிற்றிக் அமிலம் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். மிஸ்ட் இறங்கினால் உருண்டை தன்பாட்டுக்கு மெல்லச் சீறத் தொடங்கும், உடம்பெல்லாம் பரு வந்த மாதிரி வீங்கும், வெடிக்கும், கடைசியில் தண்ணியில் போட்டால் கல் மாதிரிக் கிடக்கும். தீபாவளிக்குச் செய்ததில் பாதி இப்படித்தான் போனது. அந்தக் காலம் பின்னேரமானால் மழை. நத்தாருக்குக் கொஞ்சம் பரவாயில்ல, அடுப்படியில் அடுப்புக்கு எட்டத்தில் ஒரு தட்டில் வைத்துக் காய வைத்தோம். பொங்கலுக்குச் செய்ததுதான் பூட்டு மாதிரி இறுகி வந்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும்தான் எங்கள் பக்கம் வெயிலை நம்பலாம். ஆகவே எங்கள் ஊருக்குப் பருவத்துக்கேற்ற பாத் பொம் என்றால், கடைக்காரன் நாட்காட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துத்தான் செய்ய வேணும். ஒரு எச்சரிக்கை: ஈரம் காயாத உருண்டையை இறுக்கமான போத்தலில் அடைக்க வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

மூன்று பண்டிகை, மூன்று உருண்டை

தீபாவளி உருண்டையில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் போட்டோம். யோசனை கேட்க நல்லா இருந்தது, எண்ணெய்க் குளியல் முழுக்க ஒரே உருண்டையில். ஆனால் எண்ணெய்க் குளியலில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எண்ணெய் உடம்பில் ஊற வேணும், பிறகுதான் சீயக்காய் அதைக் கழுவ வேணும். ரெண்டையும் ஒன்றாகத் தண்ணியில் விட்டால் ஊறுவதும் இல்ல, கழுவுவதும் இல்ல. நுரை மட்டும் நன்றாக வந்தது, சீயக்காயின் குணம் அது. குளித்த இடத்துச் சீமெந்துத் தரை எண்ணெயில் வழுக்கியது. வயசானவங்க இருக்கிற வீட்டில் எண்ணெயைக் குறையுங்கள். எங்கள் மதிப்பெண்: பத்துக்கு நாலு.

நத்தார் உருண்டையில் காய்ந்த தோடம்பழத் தோல் தூளும் கறுவாவும். வாசனை வீட்டையே நத்தார் ஆக்கிவிட்டது. ஆனால் கறுவாத்தூள் தண்ணியில் கரையாது, மேலே மிதந்து உடம்பெல்லாம் ஒட்டும். ரெண்டாம் முறை கறுவாப் பட்டையை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டிச் சுடுதண்ணியில் தனியாகப் போட்டோம், உருண்டையில் தோடம்பழத்தோல் மட்டும். அது சரிவந்தது. கறுவா எண்ணெய் வாங்கி ஊற்றலாமே என்று கேட்காதீர்கள். அது தோலை எரிக்கும், கொப்பளமும் வரலாம். கடையில் விற்கிற வின்டர்கிரீன் எண்ணெயும் அப்படித்தான், பிள்ளைகள் கிட்டவே வைக்கக் கூடாது. மதிப்பெண்: ஏழு.

பொங்கலுக்கு மஞ்சள். இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. சோடா கூடிப்போய், கொஞ்சம் ஈரமும் பட்ட இடங்களில் மஞ்சள் சிவந்து புள்ளி புள்ளியாக நின்றது. பழுதாகிவிட்டது என்று ஒருத்தி ஒதுக்கி வைக்க, பக்கத்து வீட்டு அம்மாச்சி பார்த்துவிட்டு, "ஆரத்தி கரைச்சா செவக்காதா? அதான்" என்றார். அதேதான். மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும். சுண்ணாம்பு மாதிரி அப்பச்சோடாவும் காரக்குணம் உள்ளது. வீடியோவில் நிறம் மாறுகிற தண்ணியைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம், ஆனால் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தட்டில் நிறம் மாறுகிற தண்ணியைத்தான் சுற்றுகிறோம். மதிப்பெண்: எட்டு. துவாயில் கறை பிடிக்கும், பழைய துவாயை எடுங்கள்.

தங்கத் தூள், மினுக்கம் மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக். 2023 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் தனியாக விற்கிற பிளாஸ்டிக் மினுக்கத்தைத் தடை செய்தது. எங்கள் குளியல் தண்ணி கானில் ஓடி ஓடையில் சேரும். கீழே இருக்கிற லயத்திலும் ஆட்கள் குளிக்கிறார்கள்.

எங்களுக்கும் பருவக் குளியல் உண்டு

பண்டிகைக்கென்று தண்ணியில் எதையாவது கலந்து குளிப்பது எங்களுக்குப் புதுசு இல்ல. தீபாவளி விடியலில் நல்லெண்ணெயும் சுடுதண்ணியும். சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர். தாழம்பூ, தாமரை, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பசும்பால் என்று பஞ்சாங்கம் ஒரு பட்டியலே போடும். விஷு புண்ணியகாலத்துக்குள் தலையிலும் காலிலும் அந்த ஆண்டுக்குச் சொன்ன இலைகளை வைத்து, வீட்டுப் பெரியவர் மருத்துநீரைத் தேய்த்துவிட, அதன் பிறகுதான் குளியல். சிங்கள அயலவர்களுக்கும் இதே காலத்தில் தலைக்கு எண்ணெய் வைக்கிற சுபநேரம் உண்டு. அங்கேயும் பெரியவர்தான் சின்னவர் தலையில் வைப்பார்.

பாத் பொம்முக்கும் இதற்கும் நாங்க பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான். பாத் பொம் தனியாகக் குளிக்கிறவருக்காகச் செய்தது, உனக்காக நீயே வாங்கிக்கொள் என்கிறது. மருத்துநீரை நமக்கு நாமே தேய்த்துக்கொள்வதில்ல, இன்னொருவர் கை வேணும். அந்தக் கை நம் உச்சியில் படும்போது வருகிற சுகம் எந்த உருண்டையிலும் இல்ல. இதை வைத்து, "பார்த்தீங்களா, நம்ம பாரம்பரியம்தான் ஒசத்தி" என்று கட்டுரையை முடித்துவிடலாம். முடித்தால் நிறைய லைக் வரும். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சும்: எல்லோர் தலையிலும் எண்ணெய் வைக்கிற அந்த அம்மாவின் தலையில் யார் வைக்கிறார்?

கடைசியில் குளிக்கிறவர்

தீபாவளி விடியலை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணத்தில் உடுப்பு வந்திருக்கும், பலகாரச் சாமான் வந்திருக்கும், மாசாமாசம் சம்பளத்தில் கழிபடப்போகிற கடனும் வந்திருக்கும். முதல் நாள் ராத்திரி வரைக்கும் முறுக்கு, அதிரசம். மூன்று மணி, மூன்றரைக்கு அம்மா எழும்புகிறார். அடுப்பைப் பற்ற வைத்துப் பெரிய பானையில் தண்ணி காய்ச்சுகிறார். முதல் வாளி அப்பாவுக்கு. அடுத்தது அண்ணனுக்கு, அவன் நேரத்தோடு கோயிலுக்குப் போக வேணும், கூட்டாளிமார் வந்துவிடுவார்கள். அப்புறம் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்குத் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவதும் அம்மாதான். கொழும்பிலிருந்து லீவில் வந்த சித்தப்பா. பிறகு பொம்பளப் பிள்ளைகள், ரெண்டு பேர் ஒரு வாளியில். இதற்கிடையில் தோசை, சட்னி, இறைச்சிக் கறி. எல்லோரும் புது உடுப்போடு கிளம்பின பிறகு பானையின் அடியில் இருக்கிற வெதுவெதுப்பில் பச்சத்தண்ணியைக் கலந்து அம்மா குளிக்கிறார். அதுவும், "அம்மா, ஆக்கள் வந்துட்டாங்க, தேத்தண்ணி!" என்கிற சத்தத்துக்கு நடுவில்.

வருசத்தில் மிச்ச நாள் எல்லாம் கூடையைச் சுமந்து, இடுப்பில் படங்கைக் கட்டி, மழையிலும் அட்டையிலும் நின்று கொழுந்து எடுக்கிறவர் அவர். இந்த வீட்டில் சுடுதண்ணி யாருக்கு அதிகம் தேவை என்று ஒரு வைத்தியரிடம் கேட்டால் யாரைக் காட்டுவார்? ஆனால் வரிசையில் அவர் கடைசி.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அம்மாவுக்கு அதுதான் சந்தோசம். யாரும் கட்டாயப்படுத்தல." எங்கள் அம்மாமாரிடமே கேட்டோம். அவங்களும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். "எல்லாரும் குளிச்சு முடிஞ்சாத்தான் மனசு நிறையும்" என்றார் ஒருவர். அந்த அன்பைப் பொய் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அதே அம்மாவிடம், "உங்களுக்கு முதல் வாளி தந்தா வேணாம்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "யாரு தந்தா?" இத்தனை வருசத்தில் யாரும் கேட்காத ஒன்றை அவர் வேண்டாம் என்று சொன்னதாக நாங்க எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த வரிசையை வெள்ளைக்காரத் துரை போட்டுக் கொடுக்கவில்ல, கம்பனியும் போடவில்ல. சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் நாங்க வெளியே நின்று கேட்கத்தான் வேணும். இந்த வாளி வரிசையை மாற்ற யாரிடமும் மனுக் கொடுக்கத் தேவையில்ல.

கதவு என்கிற சாமான்

வெளியே நின்று கேட்க வேண்டியதும் இதில் இருக்கிறது. அது கதவு. பழைய லயங்களில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு, அதிலேயே அடுப்பு. குளியலறை என்று தனியாக ஒன்றைக் கட்டியவர்கள் யோசித்ததே இல்ல. குளிக்கப் பீலிக்குப் போக வேணும். மலையில் ஊறி வருகிற தண்ணி பீலியில் விழும்போது அதற்கு ஈடான குளியல் இல்லதான், அதை நாங்க விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் பொம்பளைகள் நெஞ்சுவரைக்கும் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, ஈர உடுப்போடு வீடு வரைக்கும் நடப்பதைக் குளியல் என்று எழுதலாமா? இப்போது பல வீடுகளில் தகரத்தாலோ சீமெந்துக் கல்லாலோ ஒரு மறைப்பை அவர்களே கட்டியிருக்கிறார்கள். சிலதில் கதவுக்குப் பதிலாக உரச்சாக்கு தொங்குகிறது. அதற்குள் நின்று குளிக்கிற பிள்ளையின் ஒரு கண் எப்போதும் அந்தச் சாக்கு மேலேயே இருக்கும்.

இந்திய உதவியில் மலையகத்துக்கு என்று முதலில் 4,000, பிறகு 10,000 என மொத்தம் 14,000 வீடுகள் அறிவித்தார்கள். ஒரு குடும்பத்துக்குத் தனிக் காணியில் தனி வீடு. அப்படியான வீட்டுக்குக் குடிபோன ஒரு தோழியிடம் என்ன மாறியது என்று கேட்டோம். ஹோலைப் பற்றியோ ஜன்னலைப் பற்றியோ அவள் சொல்லவில்ல. "பாத்ரூமுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கு" என்றாள். வீடு கட்டுகிற திட்டங்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தக் கொண்டியைக் கணக்கில் எடுக்க வேணும். எத்தனை வீடு என்று எண்ணுகிற போது, எத்தனை கதவு உள்ளிருந்து பூட்டுகிறது என்றும் எண்ணுங்கள்.

பேசினில் வைத்த கால்

இப்போது எங்கள் பரிசோதனையில் வென்ற முறைக்கு வருகிறோம். முழு உடம்புக்கும் உருண்டையைப் போட ஏழரை வாளி வேணும். வாளியில் போட்டு மொண்டு ஊற்றினால் சீறல் முடிந்த பிறகுதான் உடம்பில் படுகிறது, வாசனை மட்டும் மிச்சம். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பேசினில் கணுக்கால் மூழ்க அஞ்சாறு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணி எடுத்து, எலுமிச்சங்காய் அளவு உருண்டையைப் போட்டு, உடனே காலை வைத்தால் சீறுவது முழுக்கப் பாதத்தில் தெரியும். காசு குறைவு, தண்ணி குறைவு, விறகும் குறைவு. தொட்டியும் வேண்டாம், உடுப்பும் மாற்ற வேண்டாம்.

பொங்கல் உருண்டையை இப்படி அம்மாமாருக்குத்தான் போட்டோம். வெடித்த குதிக்கால் ஒரு நாளில் மாறிவிடாது, அப்படிச் சொல்கிற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சுடுதண்ணி தோலை இளக்கும், எண்ணெய் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். ஊறினதும் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் பூசினால் வித்தியாசம் தெரியும். அதைவிடப் பெரிய வித்தியாசம், காலைப் பேசினுக்குள் வைத்தவர் எழும்பி ஓட ஏலாது என்பது! "தண்ணி ஆறுற வரைக்கும் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை நாங்களே ஊற்றிக் கொடுத்தோம். சீறல் பத்து நிமிசத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது. அம்மாமார் அரை மணித்தியாலம் இருந்தார்கள்.

செய்கிறவர்கள் சில விசயங்களைக் கவனியுங்கள். அட்டைக் கடியோ வெட்டுக் காயமோ ஆறாமல் இருந்தால் போட வேண்டாம், அமிலம் பட்டு எரியும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் சூடு தெரியாமல் போகலாம், தண்ணியை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், பாதத்தில் புண் இருந்தால் கிளினிக்கில் கேட்காமல் செய்யவே வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டாம். முதல் தடவை போடுகிறவர் கரைத்த தண்ணியில் கொஞ்சத்தை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, அடுத்த தீபாவளிக்கு எங்கள் கூட்டு ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறது. படிக்கிற நீங்களும் சேரலாம், அங்கத்துவப் பணம் இல்ல. அன்றைக்கு விடிய மூன்று மணிக்கு எழும்பி அடுப்புப் பற்ற வைப்பது வீட்டிலிருக்கிற பொடியன்மார். விறகை முதல் நாளே உள்ளே எடுத்து வையுங்கள், நனைந்தால் புகைதான் வரும். முதல் வாளித் தண்ணி அம்மாவுக்கு. அவருக்கு முன்னால் இன்னும் மூத்தவர் இருந்தால், அப்பாயிக்கு, அம்மாச்சிக்கு. நல்லெண்ணெயை அவர் தலையில் வைப்பது பிள்ளைகள். மறைப்புக்குக் கதவு இல்லாத வீடென்றால் அவர் குளித்து முடிக்கிற வரைக்கும் ஒருவர் வெளியே காவல். அந்த நேரத்தில் ஆக்கள் வந்தால் தேத்தண்ணி ஊற்றத் தெரியாதவர் யாரும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, தெரியாதென்றால் இன்றைக்கே பழகுங்கள்.

உருண்டை பிடிக்க ஆசையா, தாராளமாகப் பிடியுங்கள். மழை வந்து அது வீங்கிப் போனால் கவலைப்பட வேண்டாம். தண்ணி சுடச்சுட இருந்தால் போதும்.